தமிழ்ச் சொல்லிசை

தமிழ்ச் சொல்லிசை அல்லது தமிழ் ராப் என்பது, தாளத்தின் மேல் சொற்களை ஓசை நயத்துடன் வேகமாகச் சொல்லிச் செல்லும் ராப் இசையின் தமிழ் வடிவம் ஆகும். அமெரிக்காவின் ஹிப் ஹாப் பண்பாட்டிலிருந்து கிளைத்த இவ்வடிவம், 1990களில் திரைப்படப் பாடல்கள் வழியாகவும் மலேசியத் தமிழ் இளைஞர்கள் வழியாகவும் தமிழுக்கு வந்தது. 2006-க்குப் பின் தனி இசைத்தொகுப்புகளாக வளர்ந்து, 2010களில் தமிழ்நாட்டில் பெருவழக்கானது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் தமிழர்கள் இதில் பங்களித்துள்ளனர்.

தாளமும் ஒலிப்பதிவு முறையும் வெளியிலிருந்து வந்தவை. அவற்றின் மேல் எந்தத் தமிழைப் பேசுவது என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் தன் பேச்சுமொழியையே விடையாகக் கொடுத்தது. தமிழ்ச் சொல்லிசையின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள இதுவே முதன்மையான திறவுகோல் ஆகும்.

பெயரும் சொற்களும்

ஹிப் ஹாப் என்பது ஒரு பண்பாட்டின் பெயர். இசைத்தட்டுகளைக் கையாளும் டிஜே கலை, சொற்களைச் சொல்லும் எம்சி கலை, பிரேக் நடனம், சுவர் ஓவியம் ஆகிய நான்கும் அதன் கூறுகளாகச் சொல்லப்படுகின்றன. ராப் என்பது அவற்றுள் எம்சி செய்யும் வேலையை மட்டும் குறிக்கும். பேச்சு வழக்கில் இரண்டு சொற்களும் ஒரே பொருளில் வழங்குகின்றன.

தமிழில் ராப் என்பதற்குச் சொல்லிசை என்னும் சொல் பயன்படுகிறது. பாடலில் இசைக்குச் சொல் துணையாக வரும். ராப்பில் சொல்லே இசையாகிறது என்பதை இப்பெயர் உணர்த்துகிறது. பாடப்படும் பின்னணித் தாளம் பீட் என்றும், தாளத்தின் மேல் சொற்கள் ஓடும் போக்கு ஃப்ளோ என்றும் கலைஞர்களிடையே வழங்குகின்றன. பெரும்பாலான ராப் பாடல்கள் நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் அமைகின்றன. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று ஒரு பார் எனப்படும். வழக்கமாகப் பதினாறு பார்கள் சேர்ந்தது ஒரு சரணம் ஆகும். பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி ஹூக் எனப்படுகிறது.

உலகப் பின்னணி

ஹிப் ஹாப்பின் தொடக்கமாக 1973 ஆகத்து 11 அன்று நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்து குறிப்பிடப்படுகிறது. யமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க், ஓர் இசைத்தட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஆடுவோருக்கு நீண்ட தாளத்தை அளித்தார். அதன் மேல் ஒலிவாங்கியில் பேசியவர்களே பின்னர் எம்சிக்கள் ஆயினர். 1979-இல் வெளிவந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் இசைத்தட்டு இவ்வடிவத்தை அமெரிக்கா முழுவதும் கொண்டுசென்றது.

ராப்புக்கு இசைக்கருவிப் பயிற்சியோ பெரிய குழுவோ கட்டாயம் இல்லை. ஒரு தாளமும் சொல்வளமும் இருந்தால் போதும். இதனால் பல நாடுகளின் ஏழை நகர்ப்புற இளைஞர்கள் இதனை எளிதில் கைக்கொண்டனர். ஆனால் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் முதலில் ஆங்கிலத்தில் பாடும் காலம் ஒன்று இருந்தது. சொந்த மொழிக்கு மாறிய பின்னரே பரந்த மக்கள் அதனைக் கேட்கத் தொடங்கினர்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியா. அங்கு 1980களின் இறுதியில் தார் எஸ் சலாம் நகர இளைஞர்கள் அமெரிக்கப் பாடல்களை ஆங்கிலத்திலேயே பாடிவந்தனர். 1991-இல் சாலே ஜே என்னும் இளைஞர், புகழ்பெற்ற ஆங்கில ராப் பாடல் ஒன்றின் இசையில் சுவாகிலிச் சொற்களை அமைத்துப் பாடினார். 1990களின் நடுவில் தனியார் வானொலிகள் வந்ததும் சுவாகிலி ராப் நாடெங்கும் ஒலித்தது. அது 'போங்கோ ஃப்ளேவா' என்று பெயர் பெற்றது. சுவாகிலியில் 'உபோங்கோ' என்றால் மூளை. மூளையைப் பயன்படுத்தித்தான் பிழைக்க முடியும் என்ற பொருளில் அந்நகருக்கு வழங்கிய பட்டப்பெயரே 'போங்கோ'. மிஸ்டர் டூ, பின்னாளில் சுகு, என்ற பெயரில் பாடிய ஜோசப் இம்பிலின்யி 2010-இல் தான்சானிய நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தமிழ்ச் சொல்லிசையும் இதே பாதையில் நடந்தது. ஆனால் சுவாகிலி ராப்புக்குத் தார் எஸ் சலாம் என்ற ஒரே மையம் இருந்தது. தமிழுக்குக் கோலாலம்பூர், கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, கோயம்புத்தூர், மும்பையின் தாராவி, டொரொன்டோ எனப் பல மையங்கள் இருந்தன.

தமிழில் முன்பே இருந்த வடிவங்கள்

தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிச் சொல்லும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தென் மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் புலவர் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்ல, உடனிருப்போர் பின்பாட்டுப் பாடுவர். ஒப்பாரியில் பாடுபவர் இறந்தவரின் வாழ்வையும் தம் துயரையும் அந்த இடத்திலேயே சொல்லாகக் கட்டிப் பாடுவார். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதரின் திருப்புகழ், மூச்சு விடாமல் ஓடும் சந்தங்களுக்குப் பெயர் பெற்றது.

தூத்துக்குடி மாவட்டத்தின் முத்துக்குளித்துறைக் கரையில் அம்பா எனப்படும் மீனவர் தொழிற்பாடல்கள் வழங்கின. கரைவலை இழுக்கும்போதும் படகு வலிக்கும்போதும் முன்பாட்டுக்காரர் ஓரடி சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் பதில் கொடுப்பர். கைகள் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்பதற்காகவே அந்தத் தாளம். அடிகளில் கடவுளும் வருவார், காற்றும் வரும், அன்றைய ஊர்க் கேலியும் வரும். முன்பாட்டுக்காரர் நினைத்தபடி சொற்களை மாற்றிக்கொள்ளலாம். தாளம் மட்டும் தப்பக் கூடாது. தூத்துக்குடியில் 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோனது. விசைப்படகுகளும் இயந்திரங்களும் வந்தபின் கூட்டாக வலிக்கும் வேலை குறைந்தது. அதனுடன் அம்பாவும் மங்கியது.

வடசென்னையின் கானா, தமிழ்ச் சொல்லிசைக்கு மிக நெருக்கமானது. உழைக்கும் மக்களின் குடியிருப்புகளில், குறிப்பாக இறப்பு வீடுகளில் இரவு முழுவதும் பாடப்பட்டு வந்த வடிவம் இது. தாளத்துக்கு மேசையும் தீப்பெட்டியும் கூடப் போதும். வாழ்க்கை, சாவு, காதல், காவல் நிலையம், தலைவர்கள் என எதுவும் அதன் பொருளாகும். பல சென்னை ராப் கலைஞர்களின் ஓசைப்போக்கில் கானாவின் தடம் தெளிவாகக் கேட்கிறது.

இவற்றிலிருந்து ராப் நேரடியாகப் பிறந்தது என்று கொள்ள இயலாது. ஆனால் வெளியிலிருந்து வந்த வடிவம் வேர் பிடிக்க இங்கு நிலம் பண்பட்டிருந்தது எனலாம்.

திரைப்படத்தில் தொடக்கம்

தமிழில் ராப் என்ற சொல்லைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 1994-இல் வெளிவந்த 'காதலன்' திரைப்படத்தின் 'பேட்டை ராப்' பாடல் ஆகும். ஏ. ஆர். ரகுமான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், சாகுல் ஹமீது ஆகியோர் இதனைப் பாடினர். சென்னையின் பேட்டைப் பேச்சும் அன்றாட வாழ்க்கையின் பொருட்களும் இப்பாடலில் அடுக்கடுக்காக வந்தன. நாட்டார் பாடகியான தேனி குஞ்சரம்மாளின் குரலும் ராப்பும் ஒரே பாடலில் இணைந்தது குறிப்பிடத்தக்கது.

எனினும் அடுத்த பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்த் திரையில் ராப் பெரும்பாலும் அலங்காரமாகவே இருந்தது. பாடலின் நடுவே சில வரிகள் ஆங்கிலத்தில் வந்துபோகும். அதைச் சொல்பவருக்குக் கதையும் இல்லை, ஊரும் இல்லை. பாடல் எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற திரையிசை அமைப்பில், தானே எழுதித் தானே சொல்லும் ராப் கலைஞருக்கு இடம் இருக்கவில்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும்

தமிழ் ராப் தனிக்கலையாக முதலில் வளர்ந்தது மலேசியாவில் ஆகும். இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்ய அழைத்துவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் கட்டுமானத்துக்கும் மாற்றப்பட்டும் வந்த காலத்தில் நகர்ப்புறங்களின் ஓரங்களில் குடியேறினர். அவர்களின் பிள்ளைகள் தமிழ், மலாய், ஆங்கிலம், சீன மொழிகள் கலந்த சூழலில் வளர்ந்தனர்.

1990களில் யோகி பி உள்ளிட்டோர் இணைந்த 'பொயட்டிக் அம்மோ' என்னும் குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டோனீயம் ஆகிய மொழிகளில் ராப் செய்தது. அதன் முதல் இசைத்தொகுப்பு 1998-இல் வந்தது. பின்னர் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்னும் குழுவை அமைத்தார். 2006-இல் இக்குழு வெளியிட்ட 'வல்லவன்' என்னும் தொகுப்பு, தமிழ் ராப் வரலாற்றில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

இத்தொகுப்பின் 'மடை திறந்து' பாடல், 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையமைத்த பாடலின் மெட்டை எடுத்துக்கொண்டு அதன் மேல் புதிய ராப் வரிகளை அமைத்தது. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புதிய பாடலாக்குவது ஹிப் ஹாப்பின் அடிப்படை முறை. அமெரிக்கக் கலைஞர்கள் தம் பெற்றோர் கேட்ட ஃபங்க், சோல் இசைத்தட்டுகளை எடுத்ததைப் போல, இவர்கள் தம் வீடுகளில் ஒலித்த இளையராஜாவை எடுத்தனர். கேட்பவர்களுக்கு மெட்டு முன்பே பழக்கம் என்பதால் ராப் அந்நியமாகத் தோன்றவில்லை. இப்பாடல் தமிழ்நாட்டிலும் பரவியது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' மறுஆக்கப் பாடலில் யோகி பி பங்கேற்றார். 2011-இல் 'ஆடுகளம்' படத்திலும் அவரது ராப் இடம்பெற்றது.

சிங்கப்பூரில் யங் ராஜா 2018-க்குப் பின் ஆங்கிலமும் தமிழும் ஒரே அடியில் மாறிமாறி வரும் நடையால் அறியப்பட்டார். அந்நாட்டுத் தமிழ் இளைஞர்கள் இயல்பாகப் பேசும் கலப்பு மொழியே அவரது பாடல்மொழி ஆகும்.

இலங்கையும் புலம்பெயர் தமிழரும்

இலங்கையில் கிருஷான் மகேசன் 2006-இல் 'ஏசியன் அவென்யூ' என்னும் தமிழ் ஹிப் ஹாப் தொகுப்பை வெளியிட்டார். மலேசியாவின் 'வல்லவன்' வந்த அதே ஆண்டு இது. இரு நாடுகளிலும் தமிழ் ராப் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொகுப்பு வடிவம் பெற்றது. தமிழ்நாட்டின் திரைத்துறைக்கு வெளியே இருந்ததே இதற்கு வாய்ப்பாக அமைந்தது. அங்குள்ள இளைஞர்களுக்குத் திரைப்படப் பாடல் என்ற வாசல் எட்டாத தொலைவில் இருந்தது. ஆகவே அவர்கள் சொந்தத் தொகுப்புகளை உருவாக்கினர்.

இலங்கையைச் சேர்ந்த மற்றொரு ராப் கலைஞரான ஆர்யன் தினேஷ் கனகரத்தினம், ஏ. ஆர். ரகுமான் இசையில் 2013-இல் வந்த 'கடல்' படத்தின் 'மகுடி' பாடலில் பங்கேற்றார். தூத்துக்குடிக் கரையின் கத்தோலிக்க மீனவ ஊர் வாழ்வை நினைவூட்டும் இப்படத்தின் காட்சிகள் மணப்பாட்டில் படமாக்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணிகள் சரக்கு ஏற்றிச் சென்ற மன்னார் வளைகுடாவின் மறுகரையிலிருந்து ராப் குரல் ஒன்று இக்கரையின் கதைக்கு வந்து சேர்ந்தது.

புலம்பெயர் தமிழருள் உலகளவில் அறியப்பட்டவர் எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம் ஆவார். 1975-இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1986-இல் மீண்டும் இலண்டன் சென்றவர். அவரது 'அருளர்' (2005), 'கலா' (2007) ஆகிய தொகுப்புகள் முறையே தந்தை, தாய் பெயர்களைக் கொண்டவை. அவர் ஆங்கிலத்தில் பாடினாலும், 'கலா' தொகுப்புக்காகச் சென்னையில் உறுமி மேளத்தைப் பதிவுசெய்து பயன்படுத்தினார். கனடாவில் ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கக் கலைஞர் யஞ்சனுடன் இணைந்து மிருதங்கத்தின் சொற்கட்டுகளுக்கு ஏற்ப ராப் செய்த காணொளிகளால் கவனம் பெற்றார். போர், இடப்பெயர்வு, இரு மொழிகளுக்கு இடையே வளர்தல் ஆகியன புலம்பெயர் சொல்லிசையின் முதன்மைப் பொருள்கள் ஆகும்.

தமிழ்நாட்டில் எழுச்சி

தமிழ்நாட்டில் ராப்பைத் தனி இசையாகப் பெருந்திரளுக்குக் கொண்டுசென்றவர்கள் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதியும் அவரது இணையர் ஜீவாவும் சேர்ந்த 'ஹிப்ஹாப் தமிழா' இரட்டையர் ஆவர். 2011-இல் 'கிளப்புல மப்புல' என்னும் அவர்களின் பாடல் இணையத்தில் வேகமாகப் பரவியது. 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. 2015-இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்' ஆகிய படங்களுக்கு இசையமைத்தனர். 2017-இல் ஆதி தாமே இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு', ராப் பாடகராக விரும்பும் கல்லூரி மாணவனின் கதையைச் சொன்னது. 2017 சனவரியில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டக் காலத்தில் இவர்களின் ஜல்லிக்கட்டுப் பாடல் இளைஞர்களிடையே பரவலாக ஒலித்தது.

இந்த எழுச்சிக்குத் தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. யூடியூப் 2005-இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் தயாரிப்பாளரோ இசை நிறுவனமோ இல்லாமல் பாடல் வெளியிட அது வழி செய்தது. ஒரு மடிக்கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு வீட்டு அறையிலேயே பதிவு செய்ய முடிந்தது. ஆயத்தப் பின்னணித் தாளங்கள் இணையத்தில் கிடைத்தன. 2016-க்குப் பின் இந்தியாவில் கைப்பேசித் தரவு மலிவானதும் சிற்றூர்களிலும் காணொளி பார்ப்போர் பெருகினர். தான்சானியாவில் தனியார் வானொலி செய்த வேலையைத் தமிழ்நாட்டில் கைப்பேசி செய்தது.

நிலமும் சாதியும்: எதிர்ப்புக் குரல்

ஹிப் ஹாப் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாழ்வுரிமைக் குரலாகவும் இருந்தது. தமிழில் அந்தப் பண்பு 2010களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது.

2015-இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப், கொடைக்கானலில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு குறித்து 'கொடைக்கானல் வோண்ட்' என்னும் ராப் காணொளியை வெளியிட்டார். முன்னாள் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த போராட்டத்தை அது உலகின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. 2016 மார்ச்சில் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. அப்பாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தது. தொலைவில் இருந்தவர்களை நோக்கிப் பேசியதால் ஆங்கிலம் அங்கு பொருந்தியது. 2018-இல் வந்த அதன் தொடர்ச்சியில் தமிழும் இடம்பெற்றது.

2018 சனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசைக்கலைஞர் டென்மா ஒருங்கிணைத்த இக்குழு கானா, ராப், ராக் ஆகியவற்றை ஒரே மேடையில் இணைத்தது. சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையை ஒட்டி இதற்குப் பெயரிடப்பட்டது. இடஒதுக்கீடு, உணவுரிமை, சேரிகளை நகருக்கு வெளியே அப்புறப்படுத்துதல் ஆகியன அதன் பாடுபொருள்கள். இக்குழுவின் கானா பாடகியான இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இக்குழுவில் ராப் செய்த அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2019-இல் இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்கிறது: ஈரடிக் குறளின் நினைவும் தெருவின் குரலும் அதில் ஒன்றாகின்றன.

மும்பையின் தாராவியில் 'டோப்அடெலிக்ஸ்' குழு தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ராப் செய்தது. 2018-இல் வெளிவந்த 'காலா' படப் பாடல்களில் இக்குழு பங்கேற்றது. தாராவித் தமிழர்களில் கணிசமானோர், தூத்துக்குடியை உள்ளடக்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தோல் பதனிடுதல் உள்ளிட்ட வேலைகளுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர்.

'என்ஜாய் எஞ்சாமி'யும் உரிமைக் கேள்வியும்

2021 மார்ச் 7 அன்று வெளியான 'என்ஜாய் எஞ்சாமி', தமிழ்த் தனியிசையில் மிகப் பரவலாகக் கேட்கப்பட்ட பாடல்களுள் ஒன்று. தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இப்பாடலின் காணொளி யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டுள்ளது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியக் குடியுரிமை பெற்று இந்தியா திரும்ப வேண்டியவர்களாயினர். அவ்வாறு திரும்பிய குடும்பங்களின் நினைவு, நிலமற்ற உழைப்பாளரின் துயரம், ஒப்பாரியின் ஓசை ஆகியவை இப்பாடலின் அடித்தளம். தலைப்பில் உள்ள 'எஞ்சாமி' என்பது 'என் சாமி' என்ற பேச்சுவழக்கு விளி.

பாடலின் வெற்றிக்குப் பின் அதன் உரிமை குறித்த விவாதம் எழுந்தது. 2021 ஆகத்தில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாததை இயக்குநர் இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். பின்னர் அறிவு இடம்பெற்ற அட்டையையும் அவ்விதழ் வெளியிட்டது. 2022 சூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் இப்பாடல் நிகழ்த்தப்பட்டது. அதன்பின் பாடலில் தம் பங்கு என்ன என்பதை மூவரும் தனித்தனியே பொதுவெளியில் விளக்கினர். 2024 மார்ச்சில், பாடலிலிருந்து தாங்கள் மூவரும் வருவாய் எதையும் பெறவில்லை என்று சந்தோஷ் நாராயணன் கூறினார்.

ராப்பில் எழுதுபவரும் சொல்பவரும் ஒருவரே. அவர் சொல்வது பெரும்பாலும் தம் சொந்தக் குடும்பத்தின் வரலாறு. திரையிசையில் பழகிய பெயர்ப் பட்டியலும் வருவாய்ப் பங்கீடும் இந்த அமைப்புக்கு எளிதில் பொருந்துவதில்லை. இவ்விவாதம் வெளிக்கொணர்ந்த அடிப்படைச் சிக்கல் இதுவே.

மொழியும் யாப்பும்

ஆங்கில ராப்பின் ஓசைநயம் முதன்மையாக அடியின் இறுதியில் அமைகிறது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது; அதன் விகுதிகளும் ஒத்து ஒலிக்கின்றன. 'வந்தான், நின்றான், சென்றான்' என்று அடுக்கினாலே இயைபு கிடைத்துவிடும். சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும் சுவாகிலியிலும் இந்த எளிமை உண்டு. எளிதில் கிடைப்பதாலேயே அதற்கு மதிப்புக் குறைவு. ஆகவே தேர்ந்த தமிழ்க் கலைஞர்கள் அடியின் தொடக்கத்திலும் நடுவிலும் ஓசையை அமைக்கின்றனர். முதலெழுத்து ஒன்றிவரும் மோனையும், இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையும் இவ்வாறு ராப்பில் புதிய பயன் பெற்றுள்ளன.

இரண்டாவது சிக்கல் எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு. 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்னும் எழுத்து வழக்குத் தொடர் ஒரு பாரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சென்னையில் 'இன்னா பண்ற', நெல்லை–தூத்துக்குடி வட்டாரத்தில் 'என்னலே பண்ணுத', யாழ்ப்பாணத்தில் 'என்ன செய்யிறாய்' என்பன அதையே மூன்று நான்கு அடிப்புகளில் முடிக்கின்றன. பேச்சுத்தமிழின் சுருக்கம் தாளத்துக்கு ஏற்றது. மேலும் ஒரு சொல்லிலேயே பாடுபவரின் ஊர் வெளிப்படும். தாம் எங்கிருந்து வருகிறோம் என்பதை முதலில் அறிவிக்கும் ஹிப் ஹாப் மரபுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

எழுத்துத் தமிழ் முற்றிலும் விலக்கப்படவில்லை. மலேசியக் கலைஞர்கள் பலர் செந்தமிழ்ச் சொற்களைப் பெருமிதத்துடன் கையாண்டனர். சிறுபான்மையாக வாழும் நாட்டில் மொழியைக் காப்பதே அவர்களுக்கு அடையாளம். வடசென்னைக் கலைஞருக்கோ, இழிவாகக் கருதப்பட்ட தம் பேச்சை மேடையேற்றுவதே தன்மானம். ஒரே மொழிக்குள் இந்த இரண்டு நிலைப்பாடுகளும் அருகருகே நிற்கின்றன.

விமர்சனங்கள்

தொடக்ககாலப் பாடல்கள் சில பெண்களை இழிவுபடுத்துவதாக விமர்சிக்கப்பட்டன. 'கிளப்புல மப்புல' அவற்றுள் ஒன்று. பெண்கள் மது அருந்துவதைப் பண்பாட்டுச் சீர்கேடாகக் காட்டி, ஆண்களுக்கு அதே அளவுகோலை வைக்கவில்லை என்பது முதன்மைக் குறை. பெண் ராப் கலைஞர்களின் எண்ணிக்கை குறைவாகவே இருந்துவருவதும் சுட்டப்படுகிறது.

மற்றொரு விமர்சனம் திரைத்துறையைப் பற்றியது. தனிப்பாடலால் அறியப்படும் கலைஞர் விரைவில் நாயகனின் அறிமுகப் பாடலுக்கு வரிகள் சொல்ல அழைக்கப்படுகிறார். வருவாயும் புகழும் கிடைக்கின்றன; ஆனால் சொந்தக் கதைக்குப் பதில் நாயகனின் வீரத்தைச் சொல்ல வேண்டியதாகிறது. தான்சானியாவிலும் போங்கோ ஃப்ளேவா காதல் பாடல்களும் நடன இசையுமாக மாறியபோது, பழைய ராப் கலைஞர்கள் இதே குறையைச் சொல்லித் தம்மை அதிலிருந்து பிரித்துக்கொண்டனர்.

இன்றைய நிலை

2020களில் அசல் கோலார், பால் டப்பா போன்ற சென்னைக் கலைஞர்கள் தனிப்பாடல்கள் வழியாகவும் திரைப்பாடல்கள் வழியாகவும் அறியப்படுகின்றனர். 2024-இல் 'பிரதர்' படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் பால் டப்பா பாடிய 'மக்காமிஷி' பரவலான வரவேற்பைப் பெற்றது. யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் ராப் செய்யும் இளைஞர்களின் காணொளிகளைத் தமிழ்நாட்டிலும் பலர் கேட்கின்றனர்.

சென்னைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் மலேசியத் தமிழும் சொல்லிசையில் தமக்கெனக் குரல் பெற்றுவிட்டன. கொங்குப் பேச்சும் கேட்கிறது. நெல்லை–தூத்துக்குடிக் கரையின் பேச்சுக்கு அத்தகைய பெருங்குரல் ஒன்று இன்னும் எழவில்லை. முன்பாட்டுக்காரர் ஓரடி சொல்ல ஊரே பதில் கொடுத்த அம்பா மரபு அக்கரையில் முதியோர் நினைவில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லிசையின் இதுவரையிலான வரலாறு, ஒவ்வோர் ஊரும் வெளியிலிருந்து வந்த தாளத்தில் தன் பேச்சைக் கண்டெடுத்த வரலாறே ஆகும்.